பதினோரு நாள் நான் ஊதிய மூச்சு

டிரைவர் பெரியண்ணனைப் போல பஸ் ஓட்ட இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முசிறி வரைக்கும் கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. இருபத்திரண்டு வருஷமாக அவன் டிரைவர், நான் கண்டக்டர். முதலாளி மாறினார், பஸ் மாறியது, பஸ்ஸில் ஓடும் பாட்டு மாறியது, எங்கள் ஜோடி மட்டும் மாறவில்லை. என் பேர் குத்புதீன், வீடு தென்னூர். சில்லறை விஷயத்தில் நான் கொஞ்சம் கோபக்காரன் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சமெல்லாம் இல்லை, நிறையவே.

அவன் முசிறிக்காரன். முதலில் வாழைத்தார் லோடு ஓட்டியவன். பஸ்ஸுக்கு வந்த பிறகும் ஏறுகிறவர்களைத் தார் மாதிரிதான் கொண்டுபோவான், அடிபடாமல், நசுங்காமல். குணசீலம் ஸ்டாப்பில் பொம்பளைகள் கூடையோடு ஏறி முடிக்கிற வரைக்கும், பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் வண்டி நகராது. பின்னால் நிற்கிற பஸ்காரன் திட்டுவான். பதிலுக்குத் திட்டுவது என் டிபார்ட்மெண்ட்.

இப்படிப்பட்டவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடிக்க ஆரம்பித்தான். காரணம் தினம் ஒன்று வைத்திருப்பான். மழை பெய்ததால் குடித்தேன் என்பான். மறுநாள் கேட்டால், "மழையே இல்லயே மாப்ள" என்று வருத்தப்படுவான். ராத்திரி குடித்தது காலையிலும் மூச்சில் இருக்கும்.

எங்கள் முதலாளி லக்ஷ்மிகாந்த் ஸ்ரீரங்கத்துக்காரர். அதட்டத் தெரியாதவர். வேலையை விட்டு அனுப்புவதைக்கூட விருந்துக்கு அழைப்பது போலத்தான் சொல்வார். அவர் டோல்கேட்டில் எங்கள் பஸ்கள் நிற்கிற ஷெட்டுக்கு ஊதுகிற மிஷின் ஒன்று வாங்கி வைத்தார். வண்டி எடுக்கும் முன் டிரைவர் ஊத வேண்டும். பீப் வந்தால் அன்றைக்குச் சாவி கிடையாது. மூன்றாவது பீப்புக்கு வேலையே கிடையாது. பெரியண்ணன் முதல் மாதத்திலேயே இரண்டு வாங்கிவிட்டான்.

மிஷினைப் பார்த்துக்கொண்டது ஆபீஸில் வேலை பார்க்கும் பொண்ணு பெலிண்டா. ஆபீஸுக்கு டிக்கெட் கவுண்டர் மாதிரி ஒரு சின்ன ஜன்னல். பெலிண்டா பேரைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாகக் குழாயை நீட்டும். நாம் குனிந்து ஊத வேண்டும். பெலிண்டா மிஷினில் வருகிற நம்பரைப் பார்க்குமே தவிர ஊதுகிறவன் முகத்தைப் பார்க்காது.

புரிந்துவிட்டதா? பதினோரு நாள் பெரியண்ணன் பேருக்கு நான்தான் ஊதினேன். ஒரு சொட்டு தொடாதவன் நான், என் மூச்சு மினரல் வாட்டர். சாவி வந்தது, வண்டி கிளம்பியது. ஆனால் கொள்ளிடம் பாலம் ஏறும்போதெல்லாம், பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, எனக்கு இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டே போனேன். எதுவும் ஆகாமல் போனது எங்கள் சாமர்த்தியம் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பதினோராவது நாள் ஜன்னலுக்குள்ளிருந்து பெலிண்டா குரல் கொடுத்தது. "பெரியண்ணன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஊதுனா ஒரே வெங்காய வாடை. எனக்குத் தலைய வலிக்குது."

அது என் வெங்காயம்! ராத்திரி புரோட்டாவுக்கு நான் பச்சையாகக் கடித்துக்கொள்ளும் வெங்காயம். வாயைத் திறந்து சண்டை போடவும் வழியில்லை. பெரியண்ணன் டயருக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தான்.

மறுநாள் காலை அவன் ஷேவ் பண்ணி, நெற்றியில் திருநீறோடு வந்து நின்றான்.

"மாப்ள, நேத்து தொடல. இன்னிக்கு நானே ஊதுறேன்."

"பேசாம நில்லுடா. மழையே இல்லன்னு குடிச்சவன்தானே நீ."

"சத்தியமா மாப்ள. வேலம்மாள வேணா கேட்டுப் பாரு."

வேலம்மாள் அவன் மனைவி. அவளையும் நான் கேட்கவில்லை, அவனையும் நம்பவில்லை. எனக்கு அன்றைக்கு வெங்காயம்தான் பெரிய கவலை. நாற்றம் மறைக்க அவன் மருந்துக்கடையில் வாங்கிய வாய் கொப்பளிக்கிற மருந்து, பஸ் முதலுதவிப் பெட்டியில் இருந்தது. நாக்கு எரிய எரிய மூன்று தடவை கொப்பளித்தேன். பெலிண்டா "பெரியண்ணன்" என்று கூப்பிட்டதும் நேராக ஜன்னலில் போய்க் குனிந்து ஊதினேன்.

மிஷின் அலறியது.

"அண்ணே, இது மூணாவது" என்றது பெலிண்டா, அழுகிற குரலில். கோயிலிலிருந்து நேராக வந்திருந்த முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

நான் திரும்பினேன். எனக்குப் பின்னால் பெரியண்ணன், அன்றைக்கென்று பார்த்துக் குடிக்காமல் வந்தவன். "ஊதுனது நான் இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வேலை தப்பும், என் வேலை போகும். அவன் அதைச் சொல்லவில்லை. சட்டையிலிருந்து டிரைவர் பேட்ஜைக் கழற்றினான். "சரிம்மா, எழுதிக்க" என்றான்.

"எழுதாத! ஊதுனது நான்!" என்று கத்தினேன். முதல் தடவையாக பெலிண்டா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது. பெரியண்ணனை ஊதச் சொன்னார்கள். பூஜ்யம்.

ஷெட்டே சிரித்தது. "பாய், எப்பலேர்ந்து? பார்ட்டி எங்க?" என்று மெக்கானிக் பிரவீன்ராஜ் ஸ்பேனரால் தகரத்தில் தாளம் போட்டான். பெலிண்டா மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்து, "இதுலயே ஆல்கஹால் இருக்குண்ணே" என்றது. கால் மணி கழித்து ஊதினேன், எனக்கும் பூஜ்யம். ஆனால் குத்புதீன் குடித்துவிட்டான் என்ற செய்தி எனக்கு முன்னால் தென்னூர் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மனைவி வாசலிலேயே நிறுத்தி வாயை முகர்ந்து, "வெங்காயந்தான்" என்று சொன்ன பிறகே உள்ளே விட்டாள்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "மத்த நாளெல்லாம்?" என்றார்.

"பதினோரு நாளும் குடிச்சிருந்தேங்க" என்றான் பெரியண்ணன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சிநேகிதனுக்காக ஊதினேள், சரி. பின்னாடி உட்கார்ந்துண்டு வந்தவாளுக்காக யார் ஊதுவா?"

என்னைப் பதினைந்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். பெரியண்ணன் குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தொடர்ந்து தொண்ணூறு பூஜ்யம் வருகிற வரைக்கும் ஸ்டியரிங் கிடையாது, ஷெட்டில் பஸ் கழுவலாம் என்றார்.

டீக்கடையில் பெரியண்ணன் ஒன்றே ஒன்று சொன்னான். "வண்டி போனது பெரிசில்ல மாப்ள. நீ நம்பல பாரு."

பத்தொன்பதாம் நாள் அவன் சறுக்கினான். யாரும் கூப்பிடும் முன் தானே போய் ஊதி, "எழுதிக்கம்மா, மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்றான். இன்றைக்கு நாற்பத்து மூன்றாவது பூஜ்யம். இப்போது ஜன்னல் கிடையாது, பெலிண்டா வாசலில் நின்று முகத்தைப் பார்த்துத்தான் குழாயை நீட்டும். கண்டக்டர்களும் ஊத வேண்டும். அதற்கு எல்லாக் கண்டக்டரும் என்னைத் திட்டுகிறார்கள், நானும் குறைவில்லாமல் திருப்பிக் கொடுக்கிறேன்.

காலையில் அவன் முன்னால், நான் பின்னால். இன்றைக்கு அவன் ஊதிவிட்டுத் திரும்பினான்.

"நம்பர பாத்தியா மாப்ள?"

"இல்ல."

"ஏன்டா?"

"பாக்காமலே தெரியும்டா. தள்ளு, நான் ஊதணும்."