சேனை வைத்த கை

எருமப்பட்டிப் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவுவது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் யார் தடவுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. தாய்ப்பாலைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸம்மா தொண்டை கிழியக் கத்துவார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இந்தப் பக்கம் கிண்ணம் வெளியே வரும். யார் கேட்கிறார்கள்!

கோகிலவாணி கெங்கவல்லிப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். கோழிப்பண்ணையில் வேலை. புருஷன் கதிர்வேல் லாரி ஓட்டுகிறவன், சரியான கபடிப் பைத்தியம். மகள் இலக்கியா பிறந்தபோது சேனை வைக்க அவன் கூட்டிவந்த ஆள் சிவபிரகாஷ். இருவரும் ஒரு காலத்தில் உள்ளூர் டீமில் ஒன்றாக ஆடியவர்கள். கதிர்வேல் ஸ்டியரிங் பிடிக்கப் போனான், சிவபிரகாஷ் டிவியில் வருகிற ஆட்டக்காரன் ஆனான். ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் நழுவி வந்து கோட்டைத் தொட்டுவிடுவான். அவன் உள்ளே நுழைந்தபோது பிரசவ வார்டே செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றது, அந்த நர்ஸம்மா உட்பட.

“பொட்டப்புள்ளைக்குக் கபடிக்காரன் சேனையா?” என்று சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். கோகிலவாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெருமை அவளுக்கும் தலைக்கு ஏறியிருந்தது. பண்ணையில் முட்டையை அட்டையில் அடுக்கிக்கொண்டே, “எம்புள்ளைக்குச் சேனை வெச்சது யாருன்னு தெரியுமுங்களா?” என்று ஆரம்பித்து, கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

பிள்ளையும் துறுதுறுவென்று வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு முதல் ஆளாக ஓடுவாள். அங்கே சுவரில் சிவபிரகாஷ் படம் மாட்டியிருந்தது. ஆண்டு விழாவில் அவனை மேடையேற்றி, “எல்லாரும் இவரைப் போல வரணும்” என்று சொல்லிப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தார்கள். மூச்சுப் பிடிப்பதில் இவரைப் போலவா, ஓடுவதிலா, எதில் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். ஆள் குணம் எப்படி என்று யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள யாருக்கு அக்கறை?

போன வருஷம் பைபாஸ் ரோட்டில் ஒரு ஓட்டல் வாசலில் அவன் காரை ஒரு லாரி லேசாக உரசிவிட்டது. லாரி டிரைவர் பொன்னன் இறங்கி வந்து, “தெரியாம பட்டுருச்சுங்க” என்று சொன்னதை அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சிவபிரகாஷ் ஜாக்கி ராடை எடுத்து அடித்தான். தடுக்கப் போனவர்களையும் தள்ளிவிட்டு அடித்தான். பொன்னன் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

“எங்காளு சும்மா அடிப்பானா? அந்த டிரைவர் என்ன பேசுனானோ!” என்று ஊரில் பாதிப் பேர் பேசினார்கள். அட பாவிகளா, செத்தவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டே! பள்ளிக்கூடத்தில் படத்தைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். கதிர்வேலுக்குச் சோறு இறங்கவில்லை. “நானும் லாரிக்காரந்தானே வாணி. அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் அடிச்சிருப்பான்” என்று சொல்லி அழுதான்.

மீதிப் பேரின் வாய் இலக்கியா பக்கம் திரும்பியது. பண்ணையில் கூட வேலை செய்யும் மஞ்சுளா ஒருநாள் சிரித்துக்கொண்டே, “புள்ளையப் பாத்து வளத்து வாணி. சேனை வெச்ச கை அப்படியாப்பட்ட கையாச்சே” என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். கோகிலவாணிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தானே வலியப் போய் ஊரெல்லாம் சொன்ன கதை, இப்போது யார் வாயை அடைக்க முடியும்?

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பிள்ளை கொசு அடித்தால் உற்றுப் பார்த்தாள். கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தால் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பொம்மைக்குச் சண்டை போட்டாள் என்றால், எந்தப் பிள்ளைதான் போடாது, இவள் மகளின் கையை இழுத்து விரித்து விரித்துப் பார்த்தாள். “எம்புள்ள கையில ஒரு பாவமும் ஏறக் கூடாது ஆத்தா” என்று மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டாள். இனிமேல் கபடிப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று பிள்ளையை மிரட்டினாள்.

“கொழந்த வாணி அது. அதுக்கு என்ன தெரியும்?” என்று கதிர்வேல் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். அவன் பாவம், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவானோ.

அப்படி அவன் ஊரில் இல்லாத ஒரு சாயங்காலம், கோகிலவாணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இலக்கியா உடம்பெல்லாம் மண்ணாக, பாவாடை கிழிந்து, முகம் கொள்ளாத சிரிப்போடு ஓடிவந்தாள்.

“அம்மா, நாந்தான் ஜெயிச்சேன்! எல்லாத்தையும் தொட்டுட்டு வந்துட்டேன். ஒருத்தராலயும் என்னையப் புடிக்க முடியல!”

கோகிலவாணிக்கு மகள் முகம் தெரியவில்லை. டிவியில் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கும் அவன் முகம்தான் தெரிந்தது. கையிலிருந்த தோசைக் கரண்டியால் விளாசினாள். “போவியா? இனிப் போவியா?” பிள்ளை சுவரோரம் ஒண்டிக்கொண்டது, அப்போதும் விடவில்லை. கரண்டியின் காம்பு வளைந்த பிறகுதான் கை நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவளே தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் கை இரண்டும் தடித்துப்போயிருந்தன. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று மனசுக்குள் கதறிக்கொண்டே தடவினாள். கண்ணீர் எண்ணெயோடு கலந்து வழிந்தது. “சாமி, உன்னைய நல்லபடியா வளக்கணும்னுதாண்டி...” என்றாள். இலக்கியா அழுகையை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்குச் சேனை வெச்சது அந்த மாமா.”

“ம்.”

“உனக்கு யாரும்மா வெச்சாங்க?”

கோகிலவாணிக்குச் சேனை வைத்தது அவள் அத்தை அத்தாயி. பெற்ற பிள்ளைகள் மேல் ஒரு நாளும் கை ஓங்காதவள், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லாதவள். அந்தக் குணம் மகளுக்கு வரட்டும் என்றுதான் கோகிலவாணியின் அப்பா அவளைத் தேடிப்போய்க் கூட்டிவந்தார்.

அதை இந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? கிண்ணத்தில் விரலைத் தொட்டு, கன்னத்தில் ஒரு தடிப்பு இருந்தது, அதில் தடவலாம் என்று கையை நீட்டினாள். இலக்கியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.