சூசையப்பர் பேசாத பேச்சு

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் பூந்தமல்லியில் நாலு லேத் போட்டு, பட்டம் வாங்கிய பிள்ளைகளை வேலைக்கு நிறுத்தியிருக்கிறேன். ஒருத்தன் தயவும் கிடையாது. அதனாலோ என்னவோ, யேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பர்மேல் எனக்கு ரொம்ப நாள் ஒரு இளக்காரம் இருந்தது. வேதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. எப்போது செத்தார் என்றுகூட எழுதவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஊருக்கு ஊர் எதற்குக் குகை மாதிரி கெபி, எதற்குத் தேர்?

மே முதல் தேதி எங்கள் பங்குக் கோயிலில் தொழிலாளர் சூசையப்பர் திருநாள். கொத்துக்கரண்டி, ஸ்பேனர், தையல் கத்தரி என்று அவரவர் கருவியைப் பீடத்தின் முன் வைத்து மந்திரித்து வாங்கிப் போவார்கள். பூசை முடிந்ததும் ஒரு தொழிலாளி நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அந்த வருடம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

மூன்றாவது வரிசையில், என் மகனுக்கு நிச்சயித்த பெண்ணின் வீட்டார் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் நான் பெற்றவன் அல்ல. என் மனைவியின் முதல் புருஷனுக்குப் பிறந்தவன். இரண்டு வயதில் அவள் இடுப்பில் என் வீட்டுக்கு வந்தான். இது அவனுக்கே தெரியாது. சொல்வதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

மைக்கைப் பிடித்தேன். "சூசையப்பர் பெறாத புள்ளைய வளத்தார்னு கும்புட்றீங்கோ. நானும்தான் வளத்தேன். அதோ நிக்கிறானே, அவன் அப்பன் குடிச்சிட்டு ரோட்ல செத்தவன். அவன் உட்டுட்டுப் போனத மனுசனாக்குனது இந்தக் கை."

கையைத் தூக்கியும் காட்டினேன். பின்வரிசையில் யாரோ தட்டினார்கள்.

மகன் பீடத்தருகே கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடைசி ஆள் வரைக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே என்னிடம் வந்தான்.

"இன்னா நைனா, இத்த சொல்றதுக்கு உனுக்கு மைக்குதான் கெடச்சுதா?"

"பொய்யா சொன்னேன்? என் சோத்துல வளந்த ஒடம்புதானே இது."

அவன் தாயைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். "ஏரோது ராசா தொரத்தறான்னு புள்ளைய தூக்கிகினு எகிப்துக்கு ஓடுனாரே, அவரு ஒரு நாளாவது நீ என் புள்ள இல்லன்னு சொன்னதா எழுதிக்கீதா? அதுக்குத்தான்யா அவரு பீடத்துல கீறாரு. நீ கீழ கீற."

பெண் வீட்டார் பின்வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பழியை அவர்கள் தலையில் போட்டிருப்பேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மகன் எனக்கு முன்னமே ஓலை வாசிக்கிற உபதேசியாரைப் பார்த்துவிட்டிருக்கிறான். அப்பன் பேர் வரவேண்டிய இடத்தில் உபதேசியார் "காலஞ்சென்ற" என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்தக் குடிகாரன் பேரை மூன்று ஞாயிறும் உட்கார்ந்து கேட்டேன்.