செருப்பைக் கழற்றி அளக்கும் உயரம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், ஒற்றெழுத்தும் சரியாக விழாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துப் படியுங்கள்.

சிங்கப்பூரில் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். இங்கே மருத்துவச் சோதனைக்குப் போனால் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிறுத்தி உயரம் அளக்கிறார்கள். வாயால் சொன்னால் எழுதிக்கொள்வதில்லை. எங்கள் பக்கம் பெண் பார்க்க வரும்போதுதான் உயரத்தைப் பற்றிப் பேச்சே வரும், அதுவும் வாய்க்கணக்குதான். என் மகள் செல்வி ஐந்தடி என்று தரகர் சொல்லி, திருப்பாதிரிப்புலியூரில் கட்டிக்கொடுத்தோம். நிஜத்தில் அவள் அம்மாவைப் போலக் குள்ளம்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். போன மாதம் எங்கள் ஊர் குமராட்சியிலிருந்து மனைவி போனில் பேசினாள்.

"ஆஸ்பத்திரியில செல்விகிட்ட ஒசரம் கேட்டாங்களாம். மாமியார் பக்கத்துல ஒக்காந்திருந்தாங்க. அஞ்சடின்னு சொல்லிட்டா."

"அளக்கலையா?"

"கூட்டம் ஜாஸ்தி, எழுதிக்கிட்டாங்க. அதுக்கென்ன, நான் ரெண்டு பெத்துக்கலையா? என்னை யாரு அளந்தா?"

உயரத்துக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. உடன் வேலை செய்யும் சீனத்து அக்காவும் குள்ளம்தான். அவரிடம் கையால் உயரத்தையும் வயிற்றையும் காட்டிக் கேட்டேன். அவர் தன் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு இழுத்துச் சிரித்தார். மகளுக்குக் கட்டாயம் ஆபரேஷன் என்கிறார் என்று பயந்துபோனேன். அவர் சொன்னது தன் கதையை என்று எங்கள் தமிழ்ச் சமையல்காரர் மறுநாள் விளக்கினார். குள்ளமான தாய்க்குச் சில சமயம் இடுப்பெலும்பு குறுகலாக இருக்குமாம், பிள்ளையின் தலை இறங்காதாம். டாக்டருக்கு முன்பே தெரிந்தால் நல்லதாம்.

சொன்னால் மகள் மாமியார் முன் கூசிப்போவாள். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? மாப்பிள்ளையோடு நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியவனில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

"மாப்ளே, செல்வி ஒசரம்... அஞ்சடி கெடையாது."

"தெரியும் மாமா. தெனம் பக்கத்துல நிக்கிறவன், எனக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் அவுங்க வாயத் தொறக்கல."

அப்படியானால் யார் யாரிடம் எதை மறைத்தோம்?

பிறகு மாப்பிள்ளை சொல்லி ஆஸ்பத்திரியில் சரியாக அளந்தார்கள். உயரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வலி வந்தபின் பார்க்கலாம், சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாராம் டாக்டர். அதனால் செல்வி தாய்வீட்டுக்கும் வரவில்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. அங்கே ஒரு வாடகை அறையில் என் மனைவியும் சம்பந்தியம்மாவும் அவளோடு இருக்கிறார்கள். சுகப்பிரசவமா, ஆபரேஷனா, யாருக்கும் தெரியாது. நான் இங்கே ஒரு கையைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, போன் வந்தால் எடுக்க இன்னொரு கையை ஈரம் படாமல் வைத்திருக்கிறேன்.

ஆவணி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை