வாரும் என்று நான் சொன்ன நாள்

நான் வேலை செய்த மென்பொருள் நிறுவனத்தைப் பெரிய நிறுவனமொன்று வாங்கியபோது, பங்கு வைத்திருந்த எனக்கும் ஒரு தொகை வந்தது. அதை டென்மார்க்கில் குடியேறிய எங்களைப் போன்ற பெண்கள் தொடங்கும் தொழில்களில் போடுவதென்று முடிவெடுத்தேன். தோல் நிறத்தைக் கண்டதுமே, உச்சரிப்பைக் கேட்டதுமே அவர்களைத் திருப்பி அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்திருந்தேன். தொடக்கத்திலேயே நம்பிப் பணம் போடுபவரை டேனிஷில் 'தொழில் தேவதை' என்பார்கள். அந்தப் பெயர் எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

முதலில் நான் நம்பியது கொப்பன்ஹேகனுக்கு அருகே டோஸ்ட்ருப்பில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த தமிழ்ப் பெண்ணை. மறதிநோய் முற்றும்போது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் போவது டேனிஷ்தான். துருக்கிய முதியவர் ஒருவர் இரண்டு நாள் அழுதார். பல்வலி என்று யாருக்கும் விளங்கவில்லை. அதைப் பார்த்தபின் அவள் ஒரு சிறிய பெட்டி செய்தாள். பொத்தானை அழுத்தினால் எங்கே நோகிறது, தண்ணீர் வேண்டுமா, குளிர்கிறதா என்று அவரவர் தாய்மொழியில் கேட்கும். துருக்கிய மொழிக்கும் சோமாலிக்கும் அவளோடு வேலை செய்த பெண்கள் குரல் கொடுத்தார்கள். தமிழுக்கு அவளே பேசினாள்.

தொழிலைப் பெருக்க என் பணம் மட்டும் போதாது. கொப்பன்ஹேகனில் மூன்று முதலீட்டாளர்களைச் சந்திக்க நான்தான் நேரம் வாங்கினேன்.

அது 2009 மே, இலங்கையின் வன்னியில் போர் முடிந்த வாரம். அவளுடைய தங்கை இரண்டு பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டிருந்தாள். பல வாரங்களாகச் செய்தியில்லை. சந்திப்புக்கு முதல் நாள் மத்தியானம் அவள் என்னை அழைத்தாள்.

"அக்கா, நாளைக்கு என்னால கதைக்கேலாது."

சந்திப்பை வேறொரு நாளுக்கு மாற்றும்படி நான் முதலீட்டாளர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"இது திரும்பக் கிடைக்காது. வாரும். வீட்டில இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன செய்யப்போறீர்?"

"ஓம், வாறன்" என்றாள். போரைப் பற்றி அவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இரக்கப்பட்டுத் தரும் காசு அவளுக்கு வேண்டாமாம்.

அடுத்த நாள் நன்றாகத்தான் தொடங்கினாள். கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னாள். அவர்களில் வயதான பெண்மணி, உங்கள் மொழியில் ஒருமுறை கேட்கலாமா என்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். "எங்கை நோகுது? கையால காட்டுங்கோ" என்றது அவளுடைய குரல்.

அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மேசையைப் பிடித்தபடி நின்றாள். மிச்சத்தை நான் எழுந்து பேசி முடித்தேன். நன்றாகவே பேசினேன் என்பதுதான் இன்றும் என்னை வாட்டுகிறது.

யோசனை நல்லது, ஆனால் நெருக்கடியைத் தாங்கக்கூடியவராக அவர் தெரியவில்லை என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் வவுனியா முகாமிலிருந்து செய்தி வந்தது. பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருந்தார்கள். தங்கை இல்லை. நாங்கள் அந்த அறையில் நின்றதற்கு ஐந்து நாள் முன்னமே எறிகணை விழுந்து செத்திருந்தாள்.

அவள் நிறுவனத்தை மூடினாள். வார இறுதிகளிலும் வேலைக்குப் போய், காசு அனுப்பி, அந்தப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் படிக்க வைத்தாள். நான் வேறு பெண்களின் தொழில்களில் பணம் போட்டேன். சில தழைத்தன.

சில வருடங்கள் கழித்து அவளுடைய வீட்டுக்குப் போய், திரும்பத் தொடங்குவோமா என்று கேட்டேன். மனம் வரவில்லை என்றாள். அன்றைக்கு அவளை வரச்சொன்னதற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொல்லாட்டியும் வந்திருப்பன், அக்கா."

அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்கவும் துணிவில்லை.