பாதியில் நின்ற கை

கோகிலவாணி என்று பேர் வைத்தது அவளுடைய அத்தை. பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. அதனால் பேர் வைக்கிற பொறுப்பை அத்தை தன் தலையில் போட்டுக்கொண்டு, இருக்கிற பேர்களிலேயே குரல் இனிக்கிற பேராகப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள். அப்பா சொரிமுத்துவும் அம்மா மீனாட்சியம்மாளும் அந்தப் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை. அவர்களுக்கு அவள் பேர், வலது கன்னத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு தொடல். அங்கே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு.

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், எதிரே ஆள் வரும்போது சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்து. அதில் அவர்கள் வீடு. கீழே ஓர் அறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற பரண், அவ்வளவுதான். சொரிமுத்து அப்துல் ரவூப் பாயின் பட்டறையில் பைகளுக்குத் தோல் வெட்டுகிறார். கதவைத் தட்டினால் இவர்களுக்குக் கேட்காது என்பதால், வெளியே ஒரு சுவிட்சும் உள்ளே ஒரு சிவப்பு பல்பும் மாட்டி வைத்திருக்கிறார். யாராவது வந்து சுவிட்சை அழுத்தினால் பல்பு மினுக்கும், அம்மா எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். அந்த வீட்டில் கோகிலவாணிக்கு முதலில் வந்த மொழி கை. தமிழ் பிறகு சந்திலிருந்து வந்தது, இந்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள்தான் அந்த வீட்டுக்குக் காது. ரேஷன் கடைக்காரன் சொல்வதை அம்மாவுக்குக் கையில் சொல்வாள், அம்மா கையில் சொல்வதைக் கடைக்காரனுக்கு வாயால் சொல்வாள். என்ன சமத்து, என்ன சமத்து என்று சந்தே மெச்சியது. மெச்சியவர்களுக்கு என்ன, பட்டவளுக்கல்லவா தெரியும்! ஒன்பது வயதில், பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளைத்தாய்ச்சியாகப் படுத்திருந்த அம்மாவிடம் வயிற்றுப் பிள்ளைக்குத் துடிப்பு நின்றுவிட்டது என்று சொல்லும்படி டாக்டர் அவளிடம் சொன்னார். சொன்னாள். வேறு யார் இருந்தார்கள் சொல்ல?

வளர்ந்த பிறகு, இதையே முறையாகப் படித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. சைகை மொழிபெயர்ப்புக்கான படிப்பை முடித்தாள், புனேயில் இருக்கிற ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. வேலை இதுதான்: காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்தோ வங்கியிலிருந்தோ தங்கள் போனில் வீடியோவில் கூப்பிடுவார்கள். அங்கே டாக்டர் பேசுவது இவள் காதில் விழும், இவள் அதைக் கையில் சொல்வாள். அவர்கள் கையில் சொல்வதை இவள் டாக்டருக்கு வாயால் சொல்வாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைதான், ஆனால் கூப்பிடுகிறவர்களின் சொந்த சமாசாரம் என்பதால் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது கட்டாயம். கோகிலவாணி அறையின் மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வைஃபை போட்ட புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஏனோ சவலைப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. படம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். வாய்ப்பேச்சு என்றால் இரண்டு வார்த்தை விட்டுப்போனாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். கைப்பேச்சில் கை நின்றால் பேச்சே நின்றது.

மும்பையை அடுத்த கல்யாணிலிருந்து அந்த அழைப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை. காது கேளாத ஒரு பெண், மார்பில் கட்டி என்று டாக்டரிடம் வந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு அவளுடைய மகள் சஃப்ரீன். மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். டாக்டர், கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அதைச் சொல்லக் கோகிலவாணி கையைத் தூக்கினாள், படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அந்தச் சின்னப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தானே அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பரிசோதனை என்பதற்கு அவளுக்குச் சைகை தெரியவில்லை. 'வெட்டி எடுத்துவிடுவார்கள்' என்று விரலைக் கத்தியாக்கிக் காட்டினாள். அந்தத் தாயின் முகம் வெளுத்ததைக் கோகிலவாணி பார்த்தாள். அப்படியில்லை என்று சொல்வதற்குள் இணைப்பே அறுந்துபோயிற்று.

அன்று மாலை மேலதிகாரி ஷ்ருதி போன் செய்தாள். மகளே அழகாகச் சொல்லிவிடுகிறாளாம், இனி வீடியோ வேண்டாம் என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுத்த வியாழக்கிழமை பரிசோதனை முடிவு வருகிறது.

முடிவு நல்லதாக இருந்தால் சரி, கெட்டதாக இருந்தால் அதையும் அந்தப் பிள்ளைதானே சொல்லவேண்டும்? அதற்கு முன்னால் கட்டாயம் இதைச் சரிசெய்கிறேன், அந்த அழைப்பை எனக்கே தர வேண்டும் என்று கோகிலவாணி ஒற்றைக்காலில் நின்றாள். ஷ்ருதி நல்லவள்தான், ஆனால் அவளும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவள். புதன்கிழமை மாலை தானே கூப்பிட்டுப் பார்ப்பதாகவும், படம் நின்றால் அந்த அழைப்பு கிடையாது என்றும் சொன்னாள். வேறு ஆள் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அன்றைக்கு எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்றாள். அதாவது கோகிலவாணி இல்லையென்றால் சஃப்ரீன்தான்.

முதலில் நெட் இணைப்பு கொடுத்த நிகிலைக் கூப்பிட்டாள். அவன் வந்து, எதையும் தொட்டுப் பார்க்காமலே, பெரிய பேக்கேஜ் போடுங்கள் தீதி என்றான். போட்டாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதுதான் மிச்சம். மறுபடி பிடித்து இழுத்து வந்தாள். சந்து முனைக் கம்பத்தில் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, இதுவரை வேகம் குதிரையாக வருகிறது, உங்கள் லேப்டாப்புக்குத்தான் வயசாகிவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். லேப்டாப் நிறுவனம் கொடுத்த புத்தம் புதுசு.

அடுத்து அக்கம்பக்கம். இந்தச் சந்தில் வைஃபை பாஸ்வேர்டு உப்பு மாதிரி, கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. பாதிச் சந்து இவள் நெட்டில்தான் சினிமா பார்த்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினாள். விடிந்ததும் குழாயடியில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மதீனா பீவி மட்டும், துபாயில் இருக்கிற மகனோடு பேச முடியவில்லை என்று வாய்விட்டுக் கேட்டாள். ஒரு சின்னப் பிள்ளைக்காக என்றும், வியாழக்கிழமை தாண்டட்டும் என்றும் கோகிலவாணி சொன்னாள். மதீனா பீவி அதற்கு மேல் தோண்டவில்லை. குழாயடியில் மற்றவர்களை அடக்கியதும் அவள்தான்.

இத்தனை பொல்லாப்பைச் சுமந்தும் படம் நின்றபடிதான் இருந்தது.

புதன்கிழமை மதியம் அவளுக்குப் பிடிவாதம் தலைக்கேறிவிட்டது. கம்பம்வரை வேகம் வருகிறது, லேப்டாப்பும் சரி. அப்படியென்றால் நடுவில்தானே எங்கேயோ திருட்டு? கம்பத்திலிருந்து வருகிற ஒயரைக் கையால் பிடித்தபடியே வீட்டுக்குள் வந்தாள். கதவுக்கு மேலே நிகில் முதலில் வைஃபை பெட்டியை மாட்டிய இடத்தில் ஆணி மட்டும்தான் இருந்தது. ஒயர் பரணுக்கு ஏறியது. பத்திரமாக இருக்கட்டும் என்று மேலே வைத்திருப்பதாக அப்பா என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது. தவழ்ந்து போக வேண்டிய, சாமான் அடைத்த அந்தப் பரணில் அவள் ஏறி மாதக்கணக்காகிறது. ஏறினாள்.

பாய்ச் சுருட்டுக்குப் பின்னால் ஒயர் போய் நுழைந்த இடம், தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற பெரிய எவர்சில்வர் டின். மூடி இறுக்கி மூடியிருந்தது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஒயர் அறுபடாமல் இருக்க ஓட்டையைச் சுற்றித் தோல் பட்டை வைத்து ஒட்டியிருந்தது. அப்பாவின் கைவேலை, குற்றம் சொல்ல முடியாது. மூடியைத் திறந்தால் உள்ளே வைஃபை பெட்டி, தொட்டால் சுடுகிற சூட்டில், இட்லியாக வெந்துகொண்டிருந்தது. இரும்புக்குள் அடைத்து வைத்தால் அலை எப்படி வெளியே வரும்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறாள், ஊரையும் பகைத்துக்கொண்டிருக்கிறாள்.

டின்னோடு இறங்கி வந்து அம்மா முன்னால் வைத்தாள். இதற்குள் யார் வைத்தது என்று கோபமாகக் கையில் கேட்டாள். மீனாட்சியம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. அவள் பேசுவது கையால்தான் என்றாலும், அந்தக் கையிலும் திருநெல்வேலிச் சூடு உண்டு. அதனால் அவள் சொன்னதை இப்படித்தான் எழுத முடியும்:

"நாந்தான் வைக்கச் சொன்னேன். அது என்னேரமும் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. யாரோ வந்து கூப்பிடுதாகன்னு அடுப்ப விட்டுட்டு ஓடி ஓடிப் போய்க் கதவத் தொறக்கேன். ஒருத்தரும் இல்ல. எத்தன தடவ ஓட?"

கோகிலவாணிக்குக் கோபம் பாதியிலேயே இறங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறவளுக்கு, விளக்கு மினுக்கினால் அம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது. ஊர் பேர் சொல்லாமல், இது எதற்காக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாள். ஒரு தாய், ஒரு பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு டாக்டர், அவ்வளவுதான் சொன்னாள்.

மீனாட்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு மகளுடைய கன்னத்து மச்சத்தைத் தொட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அன்னைக்கு ஆஸ்பத்திரில எனக்கு அழணும் போல இருந்துச்சு. நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. நான் அழுதா நீ பயந்துருவன்னு அழல. பொறவு அழ வரவே இல்ல."

கோகிலவாணி அழுதாள். இத்தனை வருஷம் தனக்கு நேர்ந்ததை மட்டும்தான் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். அம்மாவுக்கும் அன்றைக்கு ஒன்று பறிபோனது என்பது இப்போதுதான் தெரிந்தது.

டின்னிலிருந்து பெட்டியை எடுத்தது மீனாட்சியம்மாள்தான். கோகிலவாணி விளக்குகளின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள். பாத்திர ஸ்டாண்டை விட்டுத் தள்ளி, இரும்பு எதுவும் அண்டாத சுவரில், மரப்பலகை அடித்து அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். அலையை மட்டும் நம்பக்கூடாது என்று நிகிலிடம் நீளமான ஒயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக இழுத்துச் செருகினாள். மாலையில் ஷ்ருதி வீடியோவில் வந்தாள், அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்தாள். ஓர் இடத்திலும் கை நிற்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்றால் என்ன, நீங்களே உங்கள் போனிலிருந்து கூப்பிடலாமே என்று அந்தத் தாய்க்குச் செய்தி அனுப்பியது ஷ்ருதிதான்.

வியாழக்கிழமை அழைப்பு வந்தது. படம் தெளிவாக இருந்தது, டாக்டர் சலித்துக்கொள்வதுகூடத் தெரிந்தது. குழந்தைதான் இருக்கிறாளே, அவளே சொல்லிவிடுவாளே என்றார். அவர் வாயைத் திறந்ததுமே சஃப்ரீனுடைய கைகள் தாமாக மேலே எழுந்தன.

கோகிலவாணி இந்தியில், நிதானமாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்: "டாக்டர் சாப், குழந்தை முதல்ல வெளியே போகட்டும். அப்புறம் நீங்க பேசுங்க. நான் சொல்றேன்."

சஃப்ரீன் நகரவில்லை. திரையைப் பார்த்துக் கையால் கேட்டாள்: "போன தடவ நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. அது உன் வேலையே இல்ல, இருந்தும் செஞ்ச. இன்னைக்கு அத நான் செய்றேன். நீ போய் விளையாடு."

அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள், கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் பரிசோதனை முடிவைப் படித்தார். கோகிலவாணி எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல், வியாதியின் பேரைச் சொன்னாள். ஆரம்பம்தான் என்பதைச் சொன்னாள். ஆபரேஷனும் அதற்குப் பிறகு மருந்தும் என்றாள், குணமாகிறவர்கள் நிறைய என்றாள். ஒரு விரல்கூட நடுவில் நிற்கவில்லை. அந்தப் பெண் கடைசிவரை பார்த்தாள், திரும்பிச் சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தாள், பிறகு துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கோகிலவாணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டரும் வேறு வழியில்லாமல் காத்திருந்தார்.

அழுது முடித்து நிமிர்ந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, "என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரீட்ச முடியட்டும். நானே சொல்லிக்கிறேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷன் எந்தத் தேதியில் என்று டாக்டரைக் கேட்கச் சொன்னாள். கோகிலவாணி கேட்டாள்.