கை நீட்டினால் நிற்கும் ரயில்

இங்கே ரயிலைக் கை காட்டி நிறுத்த வேண்டும், நம் ஊரில் மினி பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. மகள் ஜான்சி முதலில் இதைச் சொன்னபோது அப்பனைக் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் கடலை ஒட்டியே தண்டவாளம் போகிறது. சின்ன ரயில். பல ஸ்டேஷன்களில் ஆளும் கிடையாது, டிக்கெட் ஜன்னலும் கிடையாது. ஒரு சிமெண்டு மேடை, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, அவ்வளவுதான். மேடையில் நின்று கையை நீட்டினால் வண்டி நிற்கும். நீட்டாவிட்டால் டிரைவர் நம்மைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். ஒரு முறை எங்களை அப்படித்தான் விட்டுவிட்டுப் போனது. மணியாச்சி ஜங்ஷனில் நிற்பதுபோல நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

"கையை நீட்டுனா தேஞ்சா போயிருவிய?" என்றாள் என் மனைவி பிலோமி.

"ஏளா, உனக்கும்தான் கை இருக்கு. நீ நீட்டிருக்கலாம்லா?"

அவள் இரண்டு கையையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

நான் தோணியில் வேலை பார்த்தவன். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இருந்து வெங்காயம், ஓடு, செங்கல் என்று ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல ஜான்சிதான் டைப் செய்கிறாள். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுகிற தோணிக்குக் கரையில் நிற்பவர்கள் கை காட்ட மாட்டார்கள். போன் இல்லாத காலத்தில், வானம் சரியில்லை என்றால் கையையோ துண்டையோ தூக்கி வீசித்தான் போன தோணியைத் திரும்பக் கூப்பிடுவோம். தூக்கிய கைக்கு 'வா' என்று மட்டும்தான் அர்த்தம். நல்லபடியாகப் போகிறவனை அப்படிக் கூப்பிடலாமா? அதனால் பெண்கள் சேலைத் தலைப்புக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். இங்கே விமான நிலையத்தில் எல்லோரும் கையை ஆட்டி ஆட்டி வழியனுப்புவதைப் பார்த்தபோது நான் என் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எங்கள் மகன் சேவியர் மாலத்தீவுக்குப் போன தோணியோடு காணாமல் போனான். அவன் புறப்பட்ட காலையில் பிலோமி துறைமுகத்தில் என் பக்கத்தில்தான் நின்றாள். தென்கிழக்கே வானம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கை தானாக எழும்பியது. வெறும் பயத்துக்காகப் போகிறவனைக் கூப்பிடக் கூடாது என்று, இடுப்பு வரைக்கும் வந்த கையை மற்றக் கையால் பிடித்து அமுக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரியவில்லை. பல மாதம் கழித்து, இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, ஏதோ கடைச் சாமான் விஷயம்போலச் சொன்னாள். அதன் பிறகு அவள் கடலைப் பார்ப்பதில்லை. ஊரில் கடற்கரைத் தெருவை விட்டு உள்ளே தள்ளி வீடு மாறினோம். மாதா கோயில் திருவிழாவுக்குக்கூடப் பின் தெரு வழியாகத்தான் போவாள்.

இப்போது வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. ஜான்சி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். வந்த அன்றைக்கே பிலோமி திரையை இழுத்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, கட்டாயம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எங்கே நடப்பது? மலைப்பக்கம் ஏற்றம், முட்டி தாங்காது. சமமான பாதை கடலோரத்தில்தான். சாயங்காலம் ரயிலில் போய் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, கரையோரமாக அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அங்கிருந்து ரயில் ஏறித் திரும்பி வரலாம் என்று ஜான்சி வழி சொன்னாள். பிலோமி சம்மதித்தாள். கடல் பக்கம் சால்வையை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டு, மலையையும் ஆடுகளையும் பார்த்தபடியே நடப்பாள். ரயிலிலும் மலைப்பக்க இருக்கைதான்.

எனக்கோ இந்த நடையே பிடிபடவில்லை. நம் ஊரில் கரைக்குப் போனால் ஒரு வேலை இருக்கும். வலை, தோணி, மீன், இல்லையென்றால் ஒதுங்க. இங்கே மழையில் நனைந்துகொண்டு, கையில் இரண்டு குச்சியை ஊன்றிக்கொண்டு, சும்மா நடக்கிறார்கள். மஞ்சள் பூப் பூத்த முட்செடி ஓரமாக ஒரு நாள், நாயோடு வந்த பெரியவர் ஒருவர், எங்கிருந்து நடந்து வருகிறீர்கள் என்று கேட்டார். எங்கிருந்து என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. "தூத்துக்குடி" என்றேன். அவர் அது பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொண்டு, நல்ல தூரமோ என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் காலைப் பார்த்தார். பிறகு பையில் இருந்து ஆளுக்கு ஒரு பிஸ்கெட் எடுத்துக் கொடுத்தார்.

"என்ன கேட்டாவ?" என்றாள் பிலோமி.

"பசிக்கான்னு கேட்டாரு."

"ஒங்க மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் தோணும்."

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். வழி தப்பி எங்கேயோ போய்விட்டேன். அன்றைக்கு நடை முடிந்து மேடைக்கு வந்து சேர்ந்தோம். வண்டிக்கு நேரம் இருந்தது. கீழே கரையில் ஒருவர் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் நிற்குமா? பிலோமியைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனேன். அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. ஆனாலும் பலகையைத் தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, இரண்டு பேரும் நன்றாகவே பேசினோம். அதில் நேரம் போனது தெரியவில்லை. வளைவில் வண்டியின் ஊதல் கேட்டபோது நான் மணலில் நிற்கிறேன். மேடைக்கு ஏற வேண்டும். என் முட்டியோ ஒரு படிக்கு ஒரு தரம் யோசிக்கிற முட்டி.

மேடையில் பிலோமி தனியாக நின்றாள். நீட்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். இரண்டு கையும் சால்வைக்குள் இருந்தன. வண்டி வேகமாகத்தான் வந்தது. போய்விடும் என்று நினைத்து நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். அப்போது சால்வைக்குள் இருந்து அவள் வலது கை வெளியே வந்தது. இடுப்பு வரைக்கும் வந்து நின்றது. அதன் பிறகு நேராக மேலே போனது, தலைக்கும் மேலே. ரயிலுக்கு யாரும் அப்படிக் கை காட்டுவதில்லை, பக்கவாட்டில் நீட்டினாலே போதும். எங்கள் கரையில் தோணியைக் கூப்பிடுகிற தூக்கு அது.

வண்டி நின்றது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது கார்டு இறங்கி அவள் பக்கத்தில் நின்றார். கையைக் கீழே போடலாம், வண்டி நின்றுவிட்டது என்று சைகை காட்டினார். அவள் இறக்கவில்லை. "எங்க வீட்டுக்காரவ வாராவ, கொஞ்சம் பொறுங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன புரிந்ததோ, அவர் இங்கே எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி "ஓகே, லவ்" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டிக்குள் கால் வைத்த பிறகுதான் அந்தக் கை இறங்கியது.

ஏறியதும் கிடைத்த இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். அது கடல் பக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் ஊரில் சூரியன் கடலில் இருந்து எழும்பும், இங்கே கடலில் போய் விழும். விழுந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு அவன் திரும்பிப் பாத்தானாங்க?" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. "இல்லளா. வடத்தச் சுருட்டிக்கிட்டு இருந்தான். முதுகுதான் தெரிஞ்சுது."

"எனக்கும் முதுகுதான் தெரிஞ்சுது."

தூக்கியிருந்தாலும் அவன் கண்டிருக்க மாட்டான் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளே அந்த நினைப்புக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று தோன்றியது. வண்டி ஒரு மேடையைக் கடந்தது. ஆள் இல்லாததால் நிற்கவில்லை. அந்த வெறும் மேடை மறையும்வரை அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஊருக்குப் போனதும் ஒரு நாள் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்குளா?"

"சும்மா, நடக்க."

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறோம். ஜான்சிதான் விமான நிலையத்துக்கு வருவாள், கையை ஆட்டுவாள். இந்த முறை யார் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி வேகம் குறைந்தது. பிலோமி கண்ணாடியில் நெற்றியை ஒட்டி முன்னால் பார்த்தாள். தூரத்து மேடையில் யாரோ கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.