பன்னிரண்டு மணிக்குத் திருப்பி வைத்த விசை

என் மகள் வலது பக்கத்தில் மட்டும்தான் பால் குடிப்பாள். இடது பக்கம் மாற்றினால் முதுகை வளைத்துக்கொண்டு அழுவாள். குடித்த பிறகும் அந்தக் கையிலேயே உறங்கினால்தான் அவளுக்கு உறக்கம். பிறந்து எட்டு மாதம்வரை என் வலது கை அவளுடையதாக இருந்தது. கணினிக்கு மிஞ்சியது இடது கை.

எனக்குக் கண் தெரியாது. உயர்தரம் படித்த காலத்தில் பார்வை ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியது. கல்யாணமான வருடத்தில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும் நிலைக்கு வந்து நின்றது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து வேலை செய்யக் கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்தேன். அங்கே கொடுத்த பழைய கணினி, பசறைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். மாமியார் விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போய்விடுவார். பகல் முழுக்க நானும் குழந்தையும் அந்தக் குரலும்தான்.

அந்தக் குரலை ஏவுவதற்கு ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். பிடித்துக்கொள்ளும் விசை இன்சர்ட். அது விசைப்பலகையின் வலக்கோடியில் இருக்கிறது. குழந்தை அந்தப் பக்கம் உறங்கும்போது எட்டாது. பயிற்சி நிலையத்தில் தந்த குறிப்புகளைப் பலமுறை கேட்டு, இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த, ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக் விசையை இன்சர்ட்டாக மாற்றினேன். விண்டோஸில் ஒருமுறை மாற்றினால் போதும், அணைத்து எழுப்பினாலும் அப்படியே இருக்கும். சரியாகச் செய்தேனா, கணினியைக் கெடுத்துவிட்டேனா என்று அன்று முழுக்க அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"என்ன தங்கச்சி, ஒன் வீட்டுக்காரரு கொழும்புல இருக்காரு. இங்க ஒரு ஆம்பளக் கொரலு வெளுத்து வாங்குதே."

"கம்ப்யூட்டருதான் அக்கா."

"கம்ப்யூட்டருன்னா மூச்சு விடாமயா பேசும்? எங்க ஆளு தண்ணியப் போட்டாக்கூட நடுவுல நிறுத்துவாரு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சத்தத்தைக் குறைத்து, ஒலிபெருக்கியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் இன்னும் யார் யார் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தேன்.

மகளுக்குப் பதினோரு மாதமானபோது பதுளையில் எனக்கு வேலை கிடைத்தது. தோட்டத் தாய்மாரின் சுகாதாரம் பற்றி வேலை செய்யும் சிறிய அலுவலகம். கூட்டங்களில் பதிவு செய்த பேச்சைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதன்பிறகு பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். மாமியார் தோட்டத்தில் பேர் பதிந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். அது பெரிய விஷயம். எனக்கு அந்தக் கையெழுத்துக் கிடைக்காவிட்டால் அவர் வேலையும் போனது போனதுதான்.

அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி. காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரை எனக்கு. பொறுப்பாளர் காலையில் தோட்டங்களுக்குப் போய்விட்டு, ஒரு மணிக்கு மேல் வந்து அதே நாற்காலியில் அதே கணினியில் வேலை செய்வார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற நாலைந்து வருடம் இருந்தது. எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நேர்முகப் பரீட்சைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. அவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலியின் உயரத்தாலும், கைப்பிடியில் ஒட்டியிருந்த தைல வாசனையாலும்தான். அவர் உயரமானவர்.

அந்தக் கணினியில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். அதிலும் திரைவாசிப்பான் இருந்தது, ஆனால் என் விரல்களுக்கு அது அந்நிய வீடு. வீட்டில் ஒரு எழுத்தில் இருந்த கட்டளை இங்கே வேறு எழுத்தில் இருந்தது. இன்சர்ட்டோ இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். சுண்டுவிரல் பழக்கத்தில் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிடும். அரைப் பக்கம் பெரிய எழுத்தில் போன பிறகுதான் எனக்குத் தெரியவரும். முதல் வாரம் ஒரு நாளுக்கு இரண்டு பக்கம் முடிக்கவே திணறினேன். இரண்டாவது வாரம், கட்டளை அடிக்கும் சாளரத்தைத் திறந்து இரண்டு வரி தட்டி, இங்கேயும் கேப்ஸ் லாக்கை இன்சர்ட்டாக்கினேன். வாசிப்பானின் கட்டளைகளையும் வீட்டில் இருந்த எழுத்துகளுக்கே கொண்டுவந்தேன். அன்று ஏழு பக்கம் முடித்தேன்.

மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் அம்மா தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் சமையல்கட்டு வேலை செய்தவர். அலமாரியைத் துடைத்தால் கண்ணாடிக் கிளாசின் பூ வரைந்த பக்கம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைப்பார். கை பட்டதே தெரியக்கூடாது. நானும் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டு வரியை மாற்றி அடித்து விசையைப் பழையபடியாக்குவேன். கேப்ஸ் லாக்கைத் தட்டி, ஒரு எழுத்தை அடித்து, பெரிய எழுத்து என்று குரல் சொல்கிறதா என்று கேட்பேன். பிறகு வாசிப்பானை நிறுத்தி, நாற்காலியை அவர் உயரத்துக்கு உயர்த்தி, மூடியை மூடுவேன். இங்கே நான் செய்த மாற்றம் அணைத்து எழுப்பினால் தானே போய்விடும், ஆனால் கணினியை அணைப்பதில்லை, மூடி வைப்பதுதான் அங்கே வழக்கம்.

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம், ஒரு நாள் பதினொன்றரைக்கு மாமியார் பக்கத்துக் காம்பரா அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டார்.

"புள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போறேன், நீ வந்துரும்மா."

வாசிப்பானை நிறுத்தினேன், மூடியை மூடினேன், கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்த அண்ணன் பசறை வழியாகப் போகும் லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் மலையேறி மூன்றாவது வளைவில் திரும்பும்போது விசையின் ஞாபகம் வந்தது. போன் கையில்தான் இருந்தது. கூப்பிட்டு அண்ணனிடம் சொல்லியிருந்தால், கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பியிருப்பார், எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் இரண்டரை மாதமாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். இந்த வாரத்தில் சொல்ல வேண்டும். குழந்தையை நினைக்க வேண்டிய நேரத்தில் விசையை நினைக்கிறேனே என்றும் வெட்கமாக இருந்தது. போனைப் பையில் போட்டேன்.

குழந்தைக்குக் காய்ச்சலில் வந்த வலிப்பு. மருந்துக்கு அடங்கிவிட்டது. ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

அண்ணன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "புள்ளைக்குத் தேவலையா தங்கச்சி?"

"இப்ப பரவால்லண்ணே. இங்க ஒன்னும் பிரச்சின இல்லியே?"

"ஒனக்கு ஒன்னுமில்ல. மிஸ்ஸுக்குத்தான். அன்னைக்கு ஈமெயிலு தெறக்க முடியாம அடிச்சி அடிச்சிப் பாத்து, அது பூட்டிக்கிருச்சு. கொழும்புக்கு அனுப்ப வேண்டிய ரிப்போட்டு அன்னைக்குப் போகல. போன்ல நல்ல ஏச்சு. சோத்துப் பார்சலத் தொடவே இல்ல அவங்க. நேத்து கம்ப்யூட்டர அணைச்சிப் போட்டதும் சரியாயிருச்சு, புது பாஸ்வேர்டும் குடுத்துட்டாங்க. ஆனா மனுசி இன்னும் ஒடஞ்சி போயிதான் இருக்காங்க. மறதி வந்துருச்சாம். அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சாம்."

மிஸ்ஸின் கடவுச்சொல் பெரிய எழுத்துகளில் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு அவர் கேப்ஸ் லாக்கைத்தான் தட்டியிருப்பார். திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால், சின்ன எழுத்துகள் விழுந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. இப்போது கணினியை அணைத்து எழுப்பியாகிவிட்டது. நான் மாற்றியதற்கு எந்த அடையாளமும் இல்லை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கையெழுத்துக்கு இன்னும் மூன்று நாள்.

அன்று விசையை மாற்றாமலே வேலை செய்தேன். ஒன்றரைப் பக்கம். பன்னிரண்டு அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி பஸ்ஸையும் விட்டேன். வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

"நீர் இன்னும் போகேல்லையே? பிள்ளைக்கு எப்பிடி?"

"பரவால்ல மிஸ். உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

சொன்னேன். இடது கையில் தொடங்கி, பஸ்ஸில் போன் செய்யாமல் இருந்ததுவரை எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் தொடர முடியாது என்று பயந்து, வேகமாகச் சொன்னேன். அவர் இன்னும் உட்காரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"நான் ரெண்டு நாளா என்ர மூளையை எல்லோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தனான்," என்றார். "யாழ்ப்பாணத்திலை இருக்கிற என்ர தங்கச்சிக்கு போன் எடுத்து அழுதும் போட்டன்."

"மன்னிச்சிருங்க மிஸ்."

"ஏன் முதலே கேக்கேல்லை? கேட்டா வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன் எண்டே?"

"ஆமாங்க மிஸ்."

குடையைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லியிருப்பன்தான்," என்றார். "எனக்கு உந்தக் கம்ப்யூட்டர்க் கோதாரியிலை ஒண்டும் விளங்காது. ஆரும் கை வைச்சாலே பயம்."

நாற்காலியை அவருக்காக உயர்த்தப் போனேன். "விடும், நானே செய்வன். நீர் பஸ்ஸைப் பாரும்," என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கண் தெரிந்திருந்தால் முகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அண்ணன் என்னை முன்னறைக்கு அழைத்துப் போகவில்லை. பின்னால் துண்டுப்பிரசுரக் கட்டுகள் அடுக்கியிருந்த அறையில் ஒரு மேசை போட்டு, களஞ்சியத்தில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து வைத்திருந்தார். "இது ஒனக்கே ஒனக்காம். இனிமே இதுல யாரும் கை வைக்க மாட்டாங்களாம், மிஸ் சொல்லச் சொன்னாங்க."

அன்றே விசையை மாற்றினேன். கணினி எழும்பும்போதெல்லாம் தானாக மாறும்படி அந்த இரண்டு வரியை ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். மாலைவரை வேலை செய்யலாம் என்றார்கள். பதினைந்து பக்கம்வரை போன நாட்களும் உண்டு. அந்த அறைக்கு அண்ணன் தேநீர் கொண்டுவருவதைத் தவிர யாரும் வரத் தேவையிருக்கவில்லை. மிஸ் திரும்பி வந்ததை முன்கதவின் சத்தத்தில் அறிந்துகொள்வேன். முடித்த பக்கங்களை அண்ணன்தான் எடுத்துப் போவார்.

அந்த மேசை எனக்குச் செய்த உதவியா, என்னைத் தள்ளி வைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமே கேட்டுவிடலாம் என்று பலமுறை எழுந்து கதவுவரை போயிருக்கிறேன். அவர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போகும்வரை கேட்கவில்லை.